பாகலூரை மறந்த படை

"பெண் பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டு எதற்கு?" இந்தக் கேள்வியை இந்த ஆண்டு முழுவதும் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. வீட்டில் கேட்டார்கள். வகுப்பில் கேட்டார்கள். மதிய உணவு வேளையில் எங்கள் தோள்மேல் எட்டிப் பார்த்த ஆறாம் வகுப்புத் தங்கைகள்கூடக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, ஆண்டு மலரில் எழுதிவிடுவதே மேல் என்று தோன்றிற்று.

நாங்கள் நான்கு தோழியர். எங்களில் ஒருத்தியின் அண்ணன் கணினியில் ஒரு போர் விளையாட்டு ஆடுவார். அதில் சத்தமும் இல்லை, அவசரமும் இல்லை. சதுரங்கத்தைப் போல ஒருவர் தம் படைகளை நகர்த்தி முடித்த பின்னரே மற்றவர் நகர்த்த வேண்டும். யோசிக்க வேண்டிய நேரமெல்லாம் உண்டு. எங்களுக்கு அந்தக் கணினி கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு சார்ட் தாள்களை ஒட்டி, காம்பஸால் அறுகோணக் கட்டங்கள் வரைந்து, எங்கள் மாவட்டத்தையே போர்க்களமாக்கினோம். மேலே அத்திப்பள்ளி, அதன் கீழே ஓசூர், பக்கத்தில் பாகலூர், பிறகு சூளகிரி, இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அடியில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. ஒரு பக்கத்தாருக்குச் சோழிகள், மறு பக்கத்தாருக்குப் புளியங்கொட்டைகள். எங்கள் மாவட்டத்தில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்?

விதிகள் எளியவை. ஒரு படை ஒரு முறைக்கு மூன்று கட்டம் நகரலாம். எதிரிப் படையை ஒட்டிய கட்டத்துக்கு வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு படைக்கும் தன் தலைமைக் கோட்டையிலிருந்து உணவும் மருந்தும் வரும் பாதை ஒன்று திறந்திருக்க வேண்டும். சுற்றிலும் எதிரிகள் சூழ்ந்து அந்தப் பாதை அடைபட்டால், முதல் முறையில் அந்தப் படையின் பலம் பாதியாகும். மூன்றாம் முறையிலும் பாதை திறக்காவிட்டால் சோழியை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான்.

இந்த விளையாட்டில் எங்களைப் பெரிதும் சோதித்தது எது தெரியுமா? எதிரியின் கோட்டையைப் பிடிப்பது அன்று. சுற்றி வளைக்கப்பட்ட நம் படையை மீட்பதே. அதைப் பற்றியே இக்கட்டுரை.

முதன்முதலில் ஓசூரில் எங்கள் சோழிகள் இரண்டு வளைக்கப்பட்டபோது நாங்கள் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிருஷ்ணகிரியில் இருந்த அத்தனை சோழிகளையும் திரட்டி, சூளகிரி வழியாக நேரே ஓசூருக்கு ஓட்டினோம். நம்மவர் உள்ளே துன்பப்படும்போது வேறு என்ன செய்வது? ஓசூரையும் அடைந்தோம். அடுத்த முறையே இரண்டு புளியங்கொட்டைகள் இராயக்கோட்டைப் பக்கமாக இறங்கிக் காலியாகக் கிடந்த கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டன. மீட்கப் போனவர்களுக்கும் பாதை இல்லை. மீட்கப்பட்டவர்களுக்கும் பாதை இல்லை. மூன்று முறைகளில் எல்லாச் சோழிகளும் பெட்டிக்குள் போயின.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வரலாற்று ஆசிரியை, "நீங்கள் தோற்றது புதுத் தோல்வி அல்லவே! இதே ஓசூரில் நடந்ததுதானே இது!" என்றார். அன்று அவர் சொல்லத் தொடங்கி, பின்பு நாங்களே நூலகத்தில் தேடிப் படித்த செய்தி இது.

முதலாம் மைசூர்ப் போர் 1767 முதல் 1769 வரை நடந்தது. ஒரு பக்கம் ஐதர் அலி, மறு பக்கம் ஆங்கிலேயக் கும்பெனி. 1768இல் கிருஷ்ணகிரியும் ஓசூரும் கும்பெனியின் கைக்குப் போயின. அவ்வாண்டு நவம்பரில் ஐதர் திரும்பி வந்து ஓசூரை முற்றுகையிட்டார். உள்ளே இருந்த காவற்படையை மீட்கக் கர்னல் உட் என்பவர் புறப்பட்டார். விரைந்து போக வேண்டும் என்பதற்காகத் தம் பெரிய பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரில் விட்டுவிட்டு, இரவோடு இரவாக ஓசூரை நோக்கி நடந்தார். ஓசூருக்கும் பாகலூருக்கும் இடையே உள்ள தூரம் நம் எல்லோருக்கும் தெரியும். ரோஜாத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போனால் அரை மணி நேரம்.

உட் ஓசூருக்குள் நுழைந்தார். ஆனால் ஐதர் அங்கே காத்திருக்கவில்லை. அவர் படை சுற்றிக்கொண்டு பாகலூருக்குப் போயிருந்தது. பாகலூரில் இருந்த சிறு காவற்படை கோட்டைக் கதவை மூடிக்கொண்டது. பேட்டையில் இருந்த மக்களும், படையோடு வந்த பெண்களும் குழந்தைகளும் அந்தக் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு திறக்கவில்லை. நெரிசலில் திரளான பேர் நசுங்கி மாண்டார்கள். பீரங்கிகளும் பொருள்களும் ஐதரின் கைக்குப் போயின. திரும்பிய உட், சில நாள்களில் வழியிலேயே ஐதரால் தாக்கப்பட்டு, அவரையே மீட்க மேஜர் பிட்ஜெரால்டு என்பவர் படையுடன் வர வேண்டியதாயிற்று. மீட்கப் போனவரை மீட்க இன்னொருவர்!

நாங்கள் கும்பெனியின் பக்கம் நின்று இதை எழுதவில்லை. ஐதரின் பக்கம் நின்றும் எழுதவில்லை. அந்தக் கதவருகே நின்ற பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் இல்லை. பாகலூர் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறோம்; இனி அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதவு எங்கள் நினைவுக்கு வரும். உட் செய்த பிழை கோழைத்தனம் அன்று. அவர் துணிந்துதான் போனார். முன்னால் இருந்த ஓசூரை மட்டும் பார்த்தார். பின்னால் இருந்த பாகலூரை மறந்தார்.

இப்பிழையை அவர் ஒருவர்தான் செய்தார் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பரில், ஸ்டாலின்கிராடில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியப் படையினரைச் சோவியத் படைகள் சுற்றி வளைத்தன. உள்ளே இருந்தவர்களுக்கு விமானத்தில் நாளொன்றுக்கு 500 டன் பொருள் கொடுப்போம் என்று அவர்களுடைய விமானப்படைத் தலைவர் வாக்களித்தார். போய்ச் சேர்ந்ததோ சராசரியாக நூறு டன்னைச் சற்றே தாண்டிய அளவு. டிசம்பர் 12 அன்று மீட்புப் படை புறப்பட்டது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கியும்விட்டது. அதற்குள் சோவியத் படைகள் வேறோர் இடத்தில் உடைத்துக்கொண்டு, டிசம்பர் 24 அன்று, விமானங்கள் புறப்படும் தாத்சின்ஸ்காயா நிலையத்துக்குள்ளேயே புகுந்தன. அதுதான் அவர்களுடைய பாகலூர். மீட்புப் படை பின்வாங்கியது. 1943 பிப்ரவரி 2இல் உள்ளே மிஞ்சியவர்கள் முற்றிலும் சரணடைந்தார்கள்.

அப்படியானால் வளைக்கப்பட்டவர்களைக் கைவிட்டுவிட வேண்டியதுதானா? இல்லவே இல்லை. நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1944 மார்ச் இறுதியில் ஜப்பானியப் படைகள் இம்பாலுக்குச் செல்லும் சாலையை அடைத்தன. உள்ளே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் விமானங்களே சோறு போட்டன. கொஹிமா பக்கமிருந்து ஒரு படை தெற்கு நோக்கி வந்தது. உள்ளே இருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. இம்பாலிலிருந்து வடக்கு நோக்கி அடித்துக்கொண்டு வந்தார்கள். ஜூன் 22 அன்று 109ஆம் மைல்கல் அருகே இரு படைகளும் சந்தித்தன, சாலை திறந்தது.

நம் சங்கப் புலவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். கோட்டையை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் தமிழ் இலக்கணத்தில் திணைகளே உண்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்தபோது, கபிலர் பறவைகளைப் பழக்கி நெற்கதிர்களைக் கொண்டுவரச் செய்தார் என்ற செய்தியைத் தமிழாசிரியை சொன்னபோது, நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இம்பாலுக்கு விமானம், பறம்புக்குப் பறவை!

இவற்றிலிருந்து எங்கள் விளையாட்டுக்கு நான்கு பாடங்களை எழுதிச் சார்ட் தாளின் ஓரத்தில் ஒட்டினோம். ஒன்று, உள்ளே இருப்பவர் எத்தனை முறை தாங்குவார், நாம் போய்ச்சேர எத்தனை முறை ஆகும் என்று முதலில் எண்ணிப் பார். இரண்டு, புறப்படுமுன் பாகலூருக்குக் காவல் வை. மூன்று, வளையம் முழுவதையும் இடிக்காதே; ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து இடி. நான்கு, வெளியே இருப்பவர் இடிக்கும் அதே கட்டத்தை உள்ளே இருப்பவரும் இடிக்க வேண்டும். கட்டம் திறந்ததும் நீ உள்ளே போகாதே, அவர்களை வெளியே வரவிடு.

இதுவரை எழுதியது விளையாட்டு. இனி எழுதப்போவது விளையாட்டு அன்று. அவளுடைய சம்மதத்துடனேயே எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது எங்கள் நால்வரில் ஒருத்தி வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. அவளுடைய அவ்வா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மா ஒரு தொழிற்சாலையில் முறைப்பணி பார்க்கிறார். விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனிப் பேருந்து வந்துவிடும். அப்பா லாரி ஓட்டுகிறார். வீடு தங்குவது மாதத்தில் சில நாள்களே. தம்பி இரண்டாம் வகுப்பு. அவ்வாவுக்குக் கஞ்சி கொடுக்க, திருப்பிப் படுக்க வைக்க, வீட்டில் வேறு யார்? யாரும் அவளைப் பள்ளிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போக ஒரு பாதை இல்லாமற் போயிற்று, அவ்வளவுதான். முற்றுகை என்றால் வாளோடுதான் வரும் என்றில்லை.

நான்கு பாடங்களை எழுதி ஒட்டிய நாங்கள் என்ன செய்தோம்? கிருஷ்ணகிரியைக் காலி செய்துகொண்டு ஓடிய அதே காரியத்தைச் செய்தோம். மூவரும் தினமும் மாலையில் பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனோம். ஏழு மணி வரை ஆளுக்கொரு பாடத்தை அவள் தலையில் கொட்டினோம். அவளோ ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் அடுப்பில். நவம்பர் மாதத் தேர்வில் எங்கள் மூவரின் மதிப்பெண்ணும் சரிந்தது. ஒரு வீட்டில், "இனி அங்கே போகக் கூடாது" என்று தடை விழுந்தது. இன்னொரு வீட்டில், "உதவி செய், ஆனால் உன் படிப்பு?" என்று கேட்டார்கள். அந்தப் பெற்றோரை நாங்கள் குறை கூறவில்லை. அவர்கள் பாகலூரைக் காத்தார்கள். தவறு எங்களுடையது.

எங்களுக்கு வழி காட்டியது யார் தெரியுமா? படுத்திருந்த அவ்வாதான். ஒரு நாள் மாலை எங்கள் முகவாட்டத்தைப் பார்த்து, கட்டிலருகே தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைச் சுண்ணக்கட்டியால் வரையச் சொன்னார். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்கப்போனால் இதுவும் முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுதான். ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி அதைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் தாண்ட முடியாது. எங்கள் புலி ஒன்று அடைபட்டதும், நாங்கள் அதைச் சுற்றி நின்ற ஆடுகளையே முறைத்துக்கொண்டிருந்தோம். அவ்வா கட்டிலிலிருந்து சொன்னார்: "புலியப் பாக்காதீங்கம்மா. பக்கத்துல நிக்கிற ஆட்டையும் பாக்காதீங்க. அதுக்குப் பின்னால முட்டுக் கொடுத்து நிக்குதே, அந்த ஆட்ட இன்னொரு புலியால வெட்டுங்க. அப்புறம் உள்ள இருக்கிறது தானா வந்துரும்."

வெட்டினோம். உள்ளிருந்த புலி தானே தாண்டி வெளியே வந்தது.

அன்றிரவு வீடு திரும்பும்போது மூவரும் பேசவே இல்லை. எங்கள் தோழியைச் சூழ்ந்து நின்ற ஆடு கணக்குப் பாடம் அன்று. அவளுக்குக் கணக்கு எங்களைவிட நன்றாக வரும். பின்னால் முட்டுக் கொடுத்து நின்றது வேறு: காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை அவ்வாவுக்கு அருகில் இருக்க ஓர் ஆள் இல்லை. அந்த ஒரு கட்டம் திறந்தால் போதும்.

அதன் பின் நாங்கள் முறையாகச் செய்தோம். ஒருத்தி வகுப்பிலேயே இருந்து எல்லாப் பாடக் குறிப்புகளையும் இரண்டு பிரதி எழுதினாள். அந்தத் தெருவுக்கு அருகில் வீடு உள்ளவள் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் அரை மணி நேரம் போய்வந்தாள். மூன்றாமவள் வகுப்பாசிரியையிடம் நடந்ததைச் சொன்னாள். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகிவிடுமோ என்று அஞ்சியிருந்தோம். வகுப்பாசிரியை சிஸ்டரிடம் சொல்ல, இருவரும் ஒரு ஞாயிறு மாலை அவள் வீட்டுக்குப் போய் அம்மாவோடு பேசினார்கள். கண்டிக்கவில்லை; என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த அம்மா அழுதுவிட்டாராம். இரண்டு மாதத்தில் அப்படிக் கேட்டவர்கள் அவர்கள்தானாம்.

ஆனால் வளையத்தை உடைத்தது நாங்களும் அல்ல, சிஸ்டரும் அல்ல. பேரிகையில் இருக்கும் சின்னம்மாவுக்குத் தானே போன் செய்து, "பகலில் மட்டும் அவ்வாவைப் பார்த்துக்கொள்ள வர முடியுமா, சின்னம்மா?" என்று கேட்டவள் எங்கள் தோழியே. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத பெண் அவள். அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்திலேயே எழுந்து கணக்குப் போட்டவளும் அவளே. வெளியிலிருந்து நாங்கள் ஒரு கட்டத்தைத் தட்டினோம். அதே கட்டத்தை உள்ளிருந்து அவள் உடைத்தாள். டிசம்பர் முதல் வாரத்தில் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது நாங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அவள் இடத்தைத் துடைத்து வைத்திருந்தோம், வந்து உட்கார்ந்தாள்.

முற்றுகை முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். அரையாண்டுத் தேர்வில் அவள் எல்லாப் பாடங்களிலும் தேறினாள். ஆனால் அரசுத் தேர்வு முன்னால் இருக்கிறது. சின்னம்மாவால் எத்தனை மாதம் வர முடியும் என்பதும் தெரியாது. திறந்த பாதையைத் திறந்தே வைத்திருப்பது, திறப்பதைவிடக் கடினம். சார்ட் தாளில் ஐந்தாவது பாடமாக அதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இப்போது கேளுங்கள், பெண் பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டு எதற்கென்று. போரை விரும்பி நாங்கள் ஆடவில்லை. பாகலூர்க் கதவருகே நடந்ததைப் படித்த பிறகு எவளும் போரை விரும்ப மாட்டாள். நேராக ஓடுவது அன்பைப் போலத் தோன்றும்; ஆனால் ஓடுமுன் எண்ணிப் பார்ப்பதே பல வேளைகளில் பெரிய அன்பு என்பதை இந்த விளையாட்டு எங்களுக்குக் கற்றுத் தந்தது.

மாணவியரே, உங்கள் வகுப்பில் ஓர் இருக்கை பல நாள் காலியாக இருந்தால், "சோம்பேறி" என்று சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு எந்தப் பாதை அடைபட்டது என்று பாருங்கள். பெற்றோரே, உங்கள் மகள் தோழிக்கு உதவப் போகிறேன் என்றால், போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்படிப் போக வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து எண்ணிக் கொடுங்கள். வளைக்கப்பட்டு நிற்கும் தோழியே, இதை நீ படித்தால், உனக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் வெளியே இருந்து தட்டுகிறோம். நீயும் உள்ளே இருந்து தட்டு. எந்தக் கட்டம் என்று மட்டும் எங்களுக்குச் சொல்.